வெளியே அணைந்த தீ

கொழுந்தன் பேசாமல் நின்றதைப் பார்த்துத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

அவன் சலூன் வைத்திருப்பவன். தலையில் கத்திரி வைத்தால் முடியை விட அவன் பேச்சுதான் அதிகமாகக் கொட்டும் என்பார்கள். குடும்பத்தில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவன் 'ரேடியோ'தான். அன்று மதியம் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறைக்கு வந்து, அப்படியே நிலைப்படியில் நின்றுவிட்டான். மேலே வெள்ளை அங்கி, தோளில் யாருடைய முடியோ. அவள் ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி?"

அவன் தோளிலிருந்த முடியைத் தட்டிவிட்டான்.

"சொல்லித் தொலையேன்!"

"அண்ணனுக்கு... பாய்லர் ரூம்ல தீ பிடிச்சிருச்சு அண்ணி. உசிருக்கு ஒண்ணும் இல்லை. பேசிக்கிட்டுத்தான் இருக்காராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. நீங்க வாங்க."

இயந்திரத்தை நிறுத்தாமலே அவள் கிளம்பிவிட்டாள். முதலாளியம்மாதான் ஓடி வந்து அதை நிறுத்தினாள்.

அவள் கணவர் ஒரு பெரிய சலவை ஆலையில் பாய்லர் பார்ப்பவர். ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் மலை மலையாக வந்து குவியும் இடம் அது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, துவைக்கவும் தேய்க்கவும் நீராவி கொடுப்பது அவர் பொறுப்பு. அங்கே வேலை செய்யும் பெண்கள் அவரை 'ஆவி அண்ணன்' என்று கூப்பிடுவார்கள். அவருக்கும் அந்தப் பெயரில் ஒரு பெருமை. "நான் வந்தாத்தான் உங்களுக்கெல்லாம் சூடு பிடிக்கும்" என்று வாயாடுவார்.

அன்று பாய்லருக்குத் தீ மூட்டும் பர்னர் முதல் தடவை பற்றவில்லை. உள்ளே சேர்ந்திருந்த எரிவாயு முழுசாக வெளியேறும் முன்பே, காற்றைத் தள்ளும் விசிறி நின்றுபோயிருந்தது. அது நின்றது அவருக்குத் தெரியவில்லை. மறுபடி பொத்தானை அழுத்தியதும் அடுப்பின் வாயிலிருந்து தீ பொங்கி வந்து அவர் மேல் விழுந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த பெண்கள் அலசும் தொட்டியின் குழாயை இழுத்து அவர் மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள். 'போதும், போதும்' என்று அவர் சொல்லியும் மேஸ்திரியம்மா விடவில்லை. "நீங்க சும்மா நில்லுங்க அண்ணே" என்று அதட்டி, ஆம்புலன்ஸ் வரும் வரை குளிர்ந்த தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ஓட்டலுக்குப் போகக் கட்டி வைத்திருந்த வெள்ளை விரிப்பைப் பிரித்துப் போர்த்தி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி உயிர் திரும்பியது. இரண்டு கை, மார்பு, கழுத்து, தாடை, தொடையின் முன்பக்கம் எல்லாம் வெந்திருந்தது. புருவம் இல்லை. ஆனால் கண் தெளிவாக இருந்தது. வேலை நேரத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லி, நச்சரித்து, தன் கையாலேயே அவர் பவருக்கு லென்ஸ் வெட்டிக் கொடுத்த கனத்த கண்ணாடி தீயைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"பாரு, உன் கண்ணாடி மட்டும்தான் வீணாப் போச்சு," என்றார் அவர். குரல் கரகரத்தது.

"போனாப் போகுது. வேற வெட்டித் தர்றேன். பேசாம படுங்க."

பேசுகிறார், கிண்டல் அடிக்கிறார். அப்படியென்றால் மோசம் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். ரேடியோவுக்கும் தைரியம் வந்து, யார் யாருக்கோ போன் போட்டு, "ஒண்ணும் பயப்படாதீங்க, அண்ணன் கிண்ணுன்னு இருக்காரு" என்று ஒலிபரப்ப ஆரம்பித்தான்.

அப்போதுதான் தீக்காயப் பிரிவின் தலைமை டாக்டர் இருவரையும் தனியறைக்கு அழைத்தார். நடுத்தர வயதுப் பெண். தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்திருந்தார். உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டார்.

"இப்ப அவர் பேசுறதை வெச்சு நீங்க ஒரு முடிவுக்கு வந்துடாதீங்கம்மா. பெரிய தீக்காயத்துல முதல்ல எல்லாரும் இப்படித்தான் தெளிவா பேசுவாங்க. நாளைக்குள்ள உடம்பு வீங்கிடும். முகம் உங்களுக்கே அடையாளம் தெரியாது. தொண்டை வீங்கி அடைச்சுக்கிட்டா மூச்சு விட முடியாது. அதனால இப்பவே மயக்கத்துல வெச்சு, மூச்சுக்குக் குழாய் போடப் போறோம்."

"தீதான் அணைஞ்சிருச்சே டாக்டர்," என்றாள் அவள்.

"வெளிய அணைஞ்சிருச்சு. உள்ள இன்னும் அணையலை." டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு சொல்லுவோம்."

"ஸ்ட்ரெஸ்ஸா?" ரேடியோ குறுக்கே பாய்ந்தான். "எங்க அண்ணனுக்கா? அவருக்கு டென்ஷன்னா என்னன்னே தெரியாது மேடம். வீட்டுல இடி விழுந்தாலும் தூங்குவாரு."

அவள் அவன் காலை மிதித்தாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த ஸ்ட்ரெஸ் இல்லை. நாம சுவாசிக்கிற ஆக்சிஜன்லேருந்து உடம்புக்குள்ள எப்பவும் கொஞ்சம் முரட்டுத்தனமான பொருள் உண்டாகிக்கிட்டே இருக்கும். தொட்டதை எல்லாம் அரிக்கும். அதை அடக்கி வைக்கிற பொருளும் உடம்புலயே இருக்கு. அதனால சாதாரணமா நமக்குத் தெரியறது இல்லை. ஆனா இவ்வளவு பெரிய காயம்னா, அதைச் சரி பண்ண ரத்தத்துலேருந்து படையா ஓடி வர்ற அணுக்கள் அந்த முரட்டுப் பொருளை அள்ளி வீசும். அடக்குறது எல்லாம் சீக்கிரமே தீர்ந்து போயிடும். அப்புறம் தீயே படாத இடம் இருக்கு பாருங்க, நுரையீரல், சிறுநீரகம், இதயம், அங்கெல்லாம் போய் கை வைக்கும். ரத்தக் குழாய்ங்க தண்ணியைப் பிடிச்சு வைக்க முடியாம கசிய விடும். அதனாலதான் வீக்கம்."

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதை அணைக்க முடியாதா?"

"ரத்தக் குழாய்ல நிறைய தண்ணி ஏத்துறோம். அதுதான் முக்கியம். அதோட வைட்டமின் சி, ரொம்பப் பெரிய அளவுல. துத்தநாகம், செலினியம்னு சில சத்துங்க. அந்த அரிப்பை அடக்கறதுக்கு. ஒண்ணு மறைக்காம சொல்லிடறேன், வைட்டமின் விஷயத்துல டாக்டர்களுக்குள்ளயே இன்னும் ஒரே கருத்து இல்லை. கிட்னியைக் கவனிச்சுக்கிட்டே குடுக்கணும். எங்க அனுபவத்துல பலன் இருக்குன்னு நினைக்கிறோம். உங்களுக்குச் சம்மதமா?"

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டரை நம்பலாம் என்று அவளுக்குத் தோன்றியது. "குடுங்க," என்றாள்.

மறுநாள் டாக்டர் சொன்னபடியே ஆனது. பச்சை அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே போனவள், முதலில் வேறு கட்டிலுக்கு வந்துவிட்டோம் என்று திரும்பப் பார்த்தாள். முகம் பூசணிக்காய் போல ஊதி, கண் கோடாகி, உதடு பிதுங்கிக் கிடந்தது. கட்டுப் போட்ட இரண்டு கைகளும் தலையணை மேல். வாயில் குழாய். தலைமாட்டில் தொங்கிய ஒரு பாட்டிலுக்கு மட்டும் கறுப்பு உறை போட்டிருந்தார்கள்.

"அது எதுக்கு சிஸ்டர்?"

"அதுதான் வைட்டமின். வெளிச்சம் பட்டா கெட்டுடும்," என்றாள் நர்ஸ். பெரிய உடம்பு, சின்னக் குரல். பேசிக்கொண்டே கட்டிலுக்குக் கீழே குனிந்து மூத்திரப் பையைப் பார்த்தாள். "நல்லா வருது. இது வந்துகிட்டே இருந்தா நமக்கு நிம்மதி. கிட்னி வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டது எல்லாம் அந்தப் பையில் அடங்கியது. அவள் வெளியே வந்ததும் ரேடியோ முகத்தைப் படிப்பான். "வருதா அண்ணி?" "வருது." உடனே போனை எடுத்து, "அண்ணன் நல்லா ஒண்ணுக்குப் போறாரு" என்று சொந்தபந்தம் எல்லோருக்கும் அறிவிப்பான். காத்திருக்கும் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள்.

சலவை ஆலைப் பெண்களும் கூட்டமாக வந்தார்கள். வாசலில் காவலாளியிடம், "ஆவி அண்ணனைப் பார்க்கணும்" என்றார்கள். அவர் ஒரு கணம் அவர்களையே பார்த்தார். "ஆஸ்பத்திரியில வந்து கேக்குற பேச்சாம்மா இது? போங்க அந்தப் பக்கம்!" என்று விரட்டிவிட்டார். ரேடியோ போய் விளக்கி அழைத்து வர வேண்டியதாயிற்று. அதைக் கேட்டு அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழுதாள். மேஸ்திரியம்மா அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த நாள் பகலில்தான் அந்தச் சம்பவம் நடந்தது.

கறுப்பு உறை போட்ட பாட்டிலைக் காலையிலேயே கழற்றிவிட்டிருந்தார்கள். வைட்டமின் முடிந்தது. வீக்கம் ஏறுவது நின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கட்டில் பக்கத்தில் நின்று, அவருக்குக் கேட்கிறதோ இல்லையோ என்று, கடையில் நடந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் வழக்கம் போல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷினில் வைத்துப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. இன்னொரு பட்டை எடுத்து மறுபடி வைத்தாள்.

"டாக்டர், சுகர் ரொம்ப ஏறியிருக்கு. காட்டுறதுலயே உச்சத்துல நிக்குது."

பணியில் இருந்த இளம் டாக்டர் வந்து பார்த்தார். "காயம் பட்டவங்களுக்கு ஏறுறதுதான். இவ்வளவா?" என்று முணுமுணுத்துவிட்டு, "இன்சுலின் எடுங்க சிஸ்டர்" என்றார்.

அவர்கள் வீட்டில் சர்க்கரை நோய் புதிதல்ல. மாமனார் அதில்தான் முதலில் கால் விரலையும் பிறகு காலையும் இழந்தார். புண் ஆறவே ஆறாமல் அவர் கிடந்த கிடை அவளுக்கு மறக்கவில்லை. உடம்பெல்லாம் புண்ணாகக் கிடக்கிற மனுஷனுக்கு இப்போது சர்க்கரையும் வந்துவிட்டதா? அப்புறம் எப்படி ஆறும், எங்கே ஆறும்? கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றி, காற்றுக் குமிழியைத் தட்டிவிட்டு, குழாயின் பக்கம் கையைக் கொண்டு போனாள். போன கை பாதியில் நின்றது.

"டாக்டர், இவருக்கு அந்த வைட்டமின் ஏத்தினோமே..."

"காலையிலயே நிறுத்தியாச்சே," என்றவர், சொல்லி முடிக்கும் முன்பே நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இருங்க இருங்க. நிறுத்தினாலும் ரத்தத்துல இன்னும் இருக்கும். ஊசியை வைங்க, போட வேண்டாம். ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பலாம், அவசரம்னு சொல்லுங்க."

ஊசி தட்டில் திரும்பப் போயிற்று. ரத்தம் எடுத்த குப்பியோடு ஒருவர் ஓடினார். அவளிடம் யாரும் எதுவும் விளக்கவில்லை. விளக்க நேரம் இல்லை என்பது அவளுக்கும் புரிந்தது. "கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றார்கள். வெளியே வந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் ரேடியோ பதறிப்போனான். பதற்றம் வந்தால் அவனுக்குப் பேச்சு இன்னும் கூடும். "சர்க்கரையா? அப்பாவுக்கு இருந்துச்சு. பெரியப்பாவுக்கு இருந்துச்சு. அத்தைக்கு இருக்கு, அத்தை வீட்டுக்காரருக்கும் இருக்கு, அவர் வேற குடும்பம்தான், இருந்தாலும்..."

"தம்பி."

"சொல்லுங்க அண்ணி."

"கொஞ்ச நேரம் அணைச்சு வை."

அவன் வாயை மூடிக்கொண்டான். இருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு குடிநீர் எந்திரம் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அவள் மனசுக்குள் யாரையும் வேண்டிக்கொள்ளவில்லை, எதுவும் நினைக்கவுமில்லை. கதவின் கைப்பிடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்து வந்தது அந்த இளம் டாக்டர்தான். முகமூடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். சிரிக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"சுகர் இல்லைம்மா."

"என்ன டாக்டர்?"

"லேப்ல பார்த்தாச்சு. சாதாரணமா இருக்கு. அந்தச் சின்ன மெஷினுக்கு வைட்டமின் சிக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியலை. ரத்தத்துல அது நிறைய இருந்தா, அதையும் சர்க்கரைன்னு எண்ணிக்கிட்டு ஏத்திக் காட்டும்." அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இன்சுலின் போட்டிருந்தா இருக்கிற சர்க்கரையும் இறங்கியிருக்கும். மயக்கத்துல இருக்கிறவர், தலை சுத்துதுன்னு கூட சொல்ல மாட்டாரு. நமக்குத் தெரியாமலே மூளைக்கு ஆபத்து. நல்லவேளை."

இவரும் நம்மைப் போலத்தான் பயந்திருக்கிறார் என்று நினைத்ததும், ஏனோ அவர் மேல் அவளுக்கு ஒரு வாஞ்சை வந்தது. "தண்ணி குடிங்க டாக்டர்," என்று அந்த எந்திரத்திலிருந்து ஒரு குவளை பிடித்துக் கொடுத்தாள். அவர் மறுக்காமல் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

அன்று மாலையே எல்லாக் கட்டில்களின் தலைமாட்டிலும், வைட்டமின் ஏற்றியவர்களுக்கு லேபில்தான் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் ஒட்டினார்கள். ஒட்டியது அந்தச் சின்னக் குரல் நர்ஸ்தான். நர்ஸைப் பார்த்ததும் இவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் நர்ஸ். "இல்லை," என்றாள் இவள். அப்போதுதான் பசித்தது.

வீக்கம் வந்த வழியே வடியத் தொடங்கியது. பை நிறைந்து நிறைந்து மாற்றினார்கள். ஊதிக்கிடந்த முகத்துக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குத் தெரிந்த முகம் மேலே வந்தது. முதலில் மூக்கு, பிறகு கன்னத்து மச்சம். கருகின தோலை எடுத்துவிட்டு, தொடையின் பின்பக்கத்திலிருந்தும் தலையிலிருந்தும் மெல்லிய தோல் எடுத்து ஒட்டினார்கள். தலையில் எடுக்க மொட்டை போட வேண்டும் என்றதும் ரேடியோ சவரப் பெட்டியோடு வந்து நின்றான்.

"அண்ணன் தலையில நான்தான் கை வைப்பேன். வேற யாரையும் விட மாட்டேன்."

"ஆபரேஷன் தியேட்டர்ல நாங்களே பண்ணிக்கிறோம்," என்றார் தலைமை டாக்டர். "முடி திரும்ப வளரும். அப்ப உங்க கிட்டயே அனுப்புறேன்."

அவனுக்கு அதில் பெரிய மனக்குறை. பிறகு மொட்டையைப் பார்த்துவிட்டு, "சுமாராத்தான் பண்ணியிருக்காங்க" என்று தீர்ப்புச் சொன்னான்.

மூச்சுக் குழாயை எடுத்த அன்று அவர் நெடுநேரம் இருமினார். பிறகு அவளைத் தேடிக் கண்ணைச் சுழற்றினார். அவள் குனிந்தாள்.

"யாருக்கும்... அடிபட்டுச்சா?" என்றார் அவர், காற்றாக.

"யாருக்கும் இல்லை. உங்களுக்கு மட்டும்தான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு நாள் மயக்கத்துக்குள்ளேயும் அதைத்தான் சுமந்துகொண்டிருந்தார் போலிருக்கிறது. முகம் தளர்ந்தது. "நீ ஏன் இப்படி இளைச்சுட்ட?" என்று கேட்டார் அப்புறம். தான் பாதியாகிக் கிடப்பது அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் பாடு தீரவில்லை. ஒட்டின தோல் இழுக்கும். அரிக்கும், சொறியக் கூடாது. கைக்கும் மார்புக்கும் இறுக்கமான உறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் விரலை மடக்கி நீட்டச் சொல்லும்போது அவர் வாயில் வராத வசவில்லை. அவளும் பதிலுக்குத் திட்டுவாள், ஆனால் மடக்க வைக்காமல் விடமாட்டாள். அடுப்பு பற்ற வைக்கும் சத்தம் கேட்டால் அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். அவள் கதவைச் சாத்திவிட்டுச் சமைப்பாள்.

கடைசியாகச் சோதனைக்குப் போனபோது ரத்தம், மூத்திரம், நெஞ்சுப் படம் எல்லாம் பார்த்துவிட்டுத் தலைமை டாக்டர், "உள்ளயும் அணைஞ்சிருச்சு," என்றார். "கிட்னி, நுரையீரல் எல்லாம் நல்லா இருக்கு. இனிமே தோல் வேலைதான். அது மெதுவா நடக்கும், நடக்கட்டும். நல்லா சாப்பிடச் சொல்லுங்க. முட்டை, பால், பருப்பு, பழம்."

வீடு திரும்பியதும் அவள் கொஞ்சம் சாய்ந்து எழுந்திருக்கலாம் என்று படுத்தாள். அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. சமையலறையில் அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முட்டையை இப்படிப் போட்டா வெடிச்சிடும் அண்ணே. முதல்ல தண்ணி கொதிக்கணும்."

"தண்ணி கொதிக்க வைக்கிறதைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? என் தொழிலே அதுதான்டா."

"சரி, அப்ப நான் பத்த வைக்கிறேன், நீங்க அந்தப் பக்கம் போங்க."

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"வேண்டாம்," என்றார் அவர். "நீ பக்கத்துல நில்லு. போதும்."

ஒரு தடவை சொடுக்கும் சத்தம் கேட்டது. பற்றவில்லை. இன்னொரு தடவை. புஸ் என்று பற்றிக்கொண்டது. பிறகு பாத்திரம் வைக்கும் ஓசை.

"தீயைக் குறைங்க அண்ணே," என்றான் ரேடியோ.

"எனக்குத் தெரியும், பேசாம இரு."

எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தாள். வேண்டாம், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். போர்வையை இழுத்துக் காது வரை மூடிக்கொண்டு, திரும்பிப் படுத்தாள்.